கேட்டதும் எழுதியதும்: மீட்டெடுக்கப்பட்ட ஒலிப்பதிவுகளில் பாடநிர்ணயம்

1. முன்னுரை

திருப்பதிச் செப்பேடுகளும் பழைய இசைத்தட்டுகளும் ஒன்றுக்கொன்று நேர்மாறான குறைகளை உடையவை. தாள்ளப்பாக்கம் அன்னமாச்சாரியாரின் (1408-1503) ஆயிரக்கணக்கான பாடல்களைத் தாங்கிய செப்பேடுகள் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் வெளிக்கொணரப்பட்டபோது சொற்கள் கிடைத்தன. இராகப் பெயர்களும் கிடைத்தன. அவை பாடப்பட்ட முறை மட்டும் கிடைக்கவில்லை. இசைத்தட்டில் நிலைமை தலைகீழாக உள்ளது. பாடியவரின் குரல் அப்படியே நிற்கிறது. அக்குரல் உச்சரித்த சொல் எது என்பதில்தான் ஐயம் எழுகிறது.

செப்பேட்டைப் படித்தெழுதுபவர் பாடநிர்ணயம் செய்கிறார் என்பதை அனைவரும் ஒப்புக்கொள்வர். சிதைந்த எழுத்தை ஊகித்தல், ஒத்த வடிவங்களுள் ஒன்றைத் தேர்தல், பிற பாடல்களோடு ஒப்பிடுதல் ஆகியவை அப்பணியின் கூறுகள். இசைத்தட்டைக் கேட்டெழுதுபவரும் இவை அனைத்தையும் செய்கிறார். எனினும் அவர் பணி எழுத்தர் பணியாகவே எண்ணப்படுகிறது. அவர் எழுதிய தாள் கைமாறிச் சென்றதும் அதுவே பாடலின் 'மூலம்' என்னும் தகுதியைப் பெற்றுவிடுகிறது. மொழியியலார் அதிலிருந்து எடுத்துக்காட்டுகளைப் பெறுகின்றனர். மொழிபெயர்ப்பாளர் அதனைக் கொண்டு மொழிபெயர்க்கின்றனர். ஒலியை மறுபடி கேட்போர் மிகச் சிலரே.

இந்நிலையின் விளைவுகளை ஆராய்வதற்கு அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தென்பகுதியில் வழங்கிய நாட்டுப்புற புளூஸ் இசையின் மீட்பு வரலாறு பெரிதும் துணைபுரிகிறது. பழைய தட்டுகளில் மட்டுமே அறியப்பட்டிருந்த பாடகர்கள் பலர் 1960களில் உயிருடன் கண்டுபிடிக்கப்பட்டனர். கேட்டெழுதிய பாடத்தைப் பாடியவரோடு ஒப்பிட்டுப் பார்க்கும் அரிய வாய்ப்பு அப்போது அமைந்தது. அவ்வாய்ப்பு கற்பித்தவற்றைக் கார்வேட்டிநகரத்துச் சாரங்கபாணியின் பதங்களுக்குப் பொருத்திப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. தட்டும் பாடகரும்

புளூஸ் பாடல் பெரும்பாலும் மூவடிச் செய்யுள். முதலடி மடக்கி வரும். மூன்றாமடி அதற்கு விடையாக அமையும். பல அடிகள் ஒரு பாடலுக்கு மட்டும் உரியன அல்ல. ஒப்பாரியிலும் தாலாட்டிலும் வரும் பொதுத்தொடர்களைப் போலப் பாடலுக்குப் பாடல் இடம்பெயர்வன. தனியொருவர் மின்னிணைப்பற்ற கிதார் இசைத்துப் பாடும் வகையை 'நாட்டுப்புற புளூஸ்' என்று குறிக்கும் வழக்கு, சாமுவேல் சார்ட்டர்ஸ் 1959இல் அப்பெயரிலேயே வெளியிட்ட நூலுக்குப் பின் பரவியது.

1920களிலும் 1930களின் தொடக்கத்திலும் இசைத்தட்டு நிறுவனங்கள் கறுப்பின மக்களிடம் விற்பதற்கென இவ்வகைப் பாடல்களைப் பதிவுசெய்தன. மிசிசிப்பி ஜான் ஹர்ட் 1928இல் ஓகே நிறுவனத்திற்காகப் பாடினார். சன் ஹவுஸ் 1930இலும் ஸ்கிப் ஜேம்ஸ் 1931இலும் விஸ்கான்சின் மாநிலத்துக் கிராஃப்டனில் பாரமவுண்ட் நிறுவனத்திற்காகப் பாடினர். பொருளாதாரப் பெருவீழ்ச்சியில் தட்டு விற்பனை சரிந்தது. பாடகர்கள் தத்தம் உழைப்புக்குத் திரும்பினர். பாரமவுண்டின் மூல உலோக அச்சுகள் காக்கப்படவில்லை. மலிவான கலவையில் வார்த்த, தேய்ந்த தட்டுகளே எஞ்சின. இன்று நாம் கேட்கும் பாடல்களுள் சில, உலகில் ஓரிரு படிகளே எஞ்சியுள்ள தட்டுகளிலிருந்து பெறப்பட்டவை. ஏட்டுச்சுவடிப் பதிப்பாளர்க்குப் பழக்கமான நிலைமை இது.

இவ்வகைத் தட்டின் ஒரு பக்கம் ஏறத்தாழ 3 நிமிடம் ஓடும். பாடலின் நீளத்தை அந்த அளவே வரையறுத்தது. சன் ஹவுஸின் பாடல்கள் சில தட்டின் இரு பக்கங்களிலும் 'முதற்பகுதி', 'இரண்டாம் பகுதி' எனப் பிரிந்து வந்தமைக்கு இதுவே காரணம். தட்டில் உள்ள செய்யுள்களின் எண்ணிக்கையைப் பாடலின் கட்டமைப்பு எனக் கொள்வது தவறு என்பதை இங்கேயே குறித்துக்கொள்வது நலம்.

3. ஊர்ப்பெயர் காட்டிய வழி

ஹர்ட் பாடிய பாடல்களுள் இரண்டு, ஹாரி ஸ்மித் 1952இல் தொகுத்து வெளியிட்ட அமெரிக்க நாட்டார் இசைத் தொகுப்பில் இடம்பெற்றன. அதனைக் கேட்ட தலைமுறையினர் பாடியவர் எப்போதோ இறந்திருப்பார் என்றே எண்ணினர். அவருடைய வேறொரு தட்டில், ஆவலான் தம் சொந்த ஊர் என அவர் பாடியிருந்தார். ஆவலான் என்பது ஆங்கில இலக்கியத்தில் ஆர்தர் மன்னன் கதையில் வரும் தீவின் பெயரும் ஆகும். அதனைக் கற்பனை ஊராகவோ கவிமரபாகவோ கொண்டு ஒருவர் கடந்துபோயிருக்கலாம். டாம் ஹாஸ்கின்ஸ் அதனை உண்மையான ஊர்ப்பெயராகவே கொண்டார். வழக்கமான வரைபடங்களில் அவ்வூர் இல்லை என்றும், பழைய நிலப்படத் தொகுதி ஒன்றிலேயே அது அகப்பட்டது என்றும் கூறுவர். 1963இல் அவர் மிசிசிப்பி மாநிலத்து ஆவலானுக்குச் சென்றபோது ஹர்ட் அங்கேயே வாழ்ந்துகொண்டிருந்தார். அவ்வாண்டே நியூபோர்ட் நாட்டார் இசைவிழாவில் பாடினார்; 1966இல் மறைந்தார்.

புக்கா ஒயிட் கண்டறியப்பட்டதும் இதே ஆண்டில், இதே முறையில்தான். அவர் 1940இல் பதிவுசெய்த பாடலொன்றில் மிசிசிப்பியைச் சேர்ந்த அபர்தீன் என்னும் ஊர் குறிக்கப்படுகிறது. ஜான் ஃபாஹியும் எட் டென்சனும் 'பழைய புளூஸ் பாடகர்' என்று குறித்து அவர் பெயருக்கு அவ்வூர் அஞ்சலகத்தின் வழியாக ஒரு கடிதம் விடுத்தனர். அக்கடிதம் உறவினர் ஒருவர் மூலம் மெம்பிஸ் நகரில் இருந்த அவரைச் சென்றடைந்தது.

இவை சுவையான செய்திகளாக அடிக்கடி சொல்லப்படுகின்றன. பாடநிர்ணய நோக்கில் இவற்றின் பொருள் வேறு. தேய்ந்த தட்டில் ஒரு சொல்லைத் தெளிவாகக் கேட்டு, அதற்கு எளிய பொருள் கொண்டமையால் ஒரு முதியவர் கண்டறியப்பட்டார். ஹர்ட்டின் வாழ்வில் எஞ்சியிருந்த 3 ஆண்டுகள் அந்த ஒரு சொல்லின் சரியான வாசிப்பில் தங்கியிருந்தன. கேட்டெழுதுபவர் அதனை 'திருத்தி'யிருந்தால் அவர் ஆவலானில் அறியப்படாமலே மறைந்திருக்கக் கூடும்.

இதற்கு மாறான ஆபத்தும் உண்டு. அடிகள் இடம்பெயரும் தன்மையன ஆதலின், ஓரிடத்தில் தெளிவின்றி ஒலிக்கும் சொல்லைப் பிற பாடல்களில் வரும் தொடரைக் கொண்டு நிரப்பும் பழக்கம் கேட்டெழுதுவோரிடம் உள்ளது. மைக்கேல் டாஃப்ட் உருவாக்கிய புளூஸ் பாடற்சொல்லடைவு (1984) இவ்வகை ஒப்பீட்டுக்குப் பேருதவி புரிகிறது. ஆயினும் ஊகித்து நிரப்பிய சொல் அடைவில் சேர்ந்து, அவ்வடைவே அடுத்த ஊகத்திற்குச் சான்றாகும்போது வாதம் வட்டத்தில் சுழல்கிறது. சார்லி பேட்டனின் தட்டுகளுக்கு வெவ்வேறு ஆய்வாளர் எழுதிய பாடங்கள் வேறுபடுவது இயல்பே; வேறுபாட்டை மறைத்து ஒரே பாடத்தை அச்சிடுவதே குறை. பாடகர் அடியின் இறுதிச் சொல்லைப் பாடாமல் கிதார் நரம்பின் ஒலிக்கு விட்டுவிடும் இடங்களும் உள. அங்கே பாடப்படாத சொல்லை எழுதுவது நிறைவா, சேர்க்கையா என்ற வினாவுக்குப் பெரும்பாலான பதிப்புகள் விடை கூறுவதில்லை.

4. ஒரு பெயரின் எழுத்து

புக்கா ஒயிட் என்பவரின் முழுப்பெயர் புக்கர் டி வாஷிங்டன் ஒயிட். கறுப்பின மக்களின் கல்வித் தலைவராக விளங்கிய புக்கர் டி வாஷிங்டனின் (1856-1915) பெயர் அவருக்கு இடப்பட்டது. 1937இல் வெளியான தட்டில் வொக்காலியன் நிறுவனம் அதனைப் 'புக்கா' என அச்சிட்டது. அவர் அவ்வடிவத்தை விரும்பவில்லை. எனினும் உலகம் அவரை அப்பெயராலேயே அறிகிறது.

ஒலியியல் நோக்கில் 'புக்கா' என்பதில் பிழையில்லை. சொல்லிறுதி ரகரம் ஒலிக்கப்படாமல் உயிரொலியாக முடிவது அப்பகுதிப் பேச்சின் இயல்பு. ஆனால் அதே பகுதியில் வாழ்ந்த வெள்ளையர் பலரும் அவ்வாறே ஒலித்தனர். இங்கிலாந்தின் கற்றோர் வழக்கிலும் அந்த ரகரம் ஒலிப்பதில்லை. அவர்களுடைய பெயர்களை யாரும் அவ்வாறு எழுதவில்லை. ஒரே ஒலிமாற்றம் ஒருவர்க்கு எழுத்தில் காட்டப்பட்டு, மற்றவர்க்கு மறைக்கப்படுகிறது. அங்கே எழுத்து, ஒலியைக் காட்டும் கருவியாக நில்லாமல் ஆளைத் தரம்பிரிக்கும் கருவியாகிறது.

இதனைப் பிறர் குறையாக மட்டும் கண்டு நாம் அமைதிகொள்ள இயலாது. பெர்சி மாக்வீன் திரட்டிய பாடல்களைக் கொண்டு கி. வா. ஜகந்நாதன் பதிப்பித்த 'மலையருவி' (1958) முதலாக நம் நாட்டார் பாடல் தொகுப்புகளில் உழைக்கும் மக்களின் பாடல்கள் பேச்சுவடிவிலேயே அச்சேறின. அது போற்றத்தக்க பணி. அவ்வடிவங்கள் மொழியியலார்க்குக் கிடைத்த செல்வம். அதே காலத்தில் கச்சேரி மேடைப் பாடகர் பாடிய பாடலை அச்சிடும்போது, அவர் எவ்வாறு ஒலித்திருப்பினும், இலக்கணத் தூய்மையுடைய பாடமே தரப்படுகிறது. நாற்று நடுபவர் பாடினால் 'கேட்டபடி'; மேடையில் பாடினால் 'இருக்க வேண்டியபடி'. இவ்விரட்டை அளவுகோல் நம் பதிப்புமுறையில் இன்னும் உள்ளது.

5. எது மூலம்?

1964இல் சன் ஹவுஸ் நியூயார்க் மாநிலத்து ரோசெஸ்டரில் கண்டறியப்பட்டார். அவர் இசையை விட்டுப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன. பழைய பாடல்களை அவர் மறுபடி கற்க வேண்டியிருந்தது. அவருடைய தட்டுகளைக் கேட்டுப் பயின்றிருந்த ஆலன் வில்சன் என்ற இளைஞர் அதற்குத் துணைநின்றார். பாடகரிடமிருந்து தட்டு, தட்டிலிருந்து மாணவர், மாணவரிடமிருந்து மீண்டும் பாடகர். குரு சீட பரம்பரையில் பழகிய நமக்கு இச்சுழற்சி வியப்பளிக்கலாம்.

இதனால் 1965ஆம் ஆண்டுப் பதிவு போலியாகிவிடவில்லை. 1930இல் இரு பகுதிகளாக வந்த பாடல் ஒன்றின் இரண்டாம் பகுதியே 1965இல் சாவுச் செய்தி தாங்கிய கடிதத்தைப் பற்றிய தனிப்பாடலாக விரிந்தது. குரல் தளர்ந்திருப்பினும், இறந்தவளைக் காணச் செல்பவனின் நிலை முதியவர் வாயில் முன்னையினும் கனம் பெற்றது என்பது இப்பதிவுகளைத் தொடர்ந்து கேட்டுவரும் இக்கட்டுரையாளரின் துணிபு. 1930ஆம் ஆண்டுத் தட்டை அளவுகோலாக்கி 1965ஆம் ஆண்டுப் பாடத்தின் வேறுபாடுகளை 'மறதி' எனக் குறித்தால் அவ்வளர்ச்சி கண்ணுக்குப் படாது. இரண்டையும் கலந்து 'நிறைவான பாடம்' ஒன்றை ஆக்கினால் எவரும் ஒருபோதும் பாடாத பாடலொன்று உருவாகும்.

ஸ்கிப் ஜேம்ஸும் 1964இல் மிசிசிப்பியைச் சேர்ந்த டூனிக்காவில் மருத்துவமனையில் இருக்கும்போது கண்டறியப்பட்டார், 1969இல் மறைந்தார். 1931இல் அவர் பாடிய பாடலொன்றை 1966இல் கிரீம் என்னும் ஆங்கிலேயக் குழு தன் தொகுப்பில் பாடியது. மூவகைப் பதிவுகளும் இன்று ஒரே பாடற்பெயரின் கீழ் நிற்கின்றன. எப்பதிவிலிருந்து எழுதப்பட்டது என்ற குறிப்பு இல்லாத பாடம், எவ்வேட்டிலிருந்து எடுத்தது எனக் கூறாத பதிப்பை ஒத்தது.

6. கார்வேட்டிநகரத்துப் பதங்கள்

மேற்கண்டவை தமிழ்நாட்டின் எல்லைக்கு அப்பால் புத்தூருக்கு அருகில் உள்ள கார்வேட்டிநகரத்தோடு எவ்வாறு தொடர்புறுகின்றன என்பதை இனிக் காண்போம். முன்னாளில் வட ஆர்க்காட்டு மாவட்டத்தைச் சேர்ந்த ஜமீன் அது. 1911இல் சித்தூர் மாவட்டம் அமைந்தபோது அதனுள் சேர்ந்தது. பட்டாஸ்கர் பரிந்துரையை ஒட்டி 1960 ஏப்ரல் 1 முதல் திருத்தணி சென்னை மாநிலத்தோடு இணைந்தது. கார்வேட்டிநகரம் ஆந்திரத்திலேயே நின்றது. தமிழும் தெலுங்கும் அன்றாட வாழ்வில் உடன்வழங்கும் நிலப்பகுதி அது. அவ்வரசவையைச் சார்ந்து 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வாழ்ந்த சாரங்கபாணி, ஊர்த்தெய்வமான வேணுகோபாலரின் பெயரை முத்திரையாக வைத்துத் தெலுங்கில் பதங்கள் இயற்றினார். க்ஷேத்ரய்யரின் பதங்களோடு ஒப்பிடுகையில் சாரங்கபாணியின் பதங்கள் வீட்டுப் பேச்சுக்கும் ஏச்சுக்கும் நெருங்கியவை. ஏ. கே. ராமானுஜன், வேல்சேரு நாராயணராவ், டேவிட் ஷுல்மன் ஆகியோர் 1994இல் வெளியிட்ட ஆங்கில மொழிபெயர்ப்புத் தொகுதியில் இவருக்கும் இடம் உண்டு.

இவ்வகைப் பதங்களைப் பாடி வாழவைத்தோருள் தலையாயவர் பலர் சென்னையில் தமிழ்ச் சூழலில் வாழ்ந்தவர்கள். வீணை தனம்மாள் (1867-1938) இறுதிக் காலத்தில் இசைத்தட்டுகளில் பதிவுபெற்றார். அவருடைய பேத்தியரான தி. பிருந்தாவும் தி. முக்தாவும் பதம் பாடுவதில் நிகரற்றவர்களாக மதிக்கப்பட்டனர். மற்றொரு பேத்தி தி. பாலசரஸ்வதி அவற்றுக்கு அபிநயம் பிடித்தார். இக்குடும்பத்தார் பாடிய பதங்களின் பதிவுகள் இன்று தேடிக் கேட்கப்படுகின்றன. அவற்றைக் கேட்டெழுதுவோர் இரு பெரும் இடர்ப்பாடுகளைச் சந்திக்கின்றனர்.

முதலாவது, பதத்தின் காலப்பிரமாணம். மிக மெதுவான நடையில் ஓர் உயிரொலி நீண்டு இழைகிறது, மூச்சு சொல்லின் இடையே விழுகிறது, சொல்லெல்லை மறைகிறது. அவ்விடத்தில் கேட்டெழுதுபவரின் கை அச்சிட்ட பாடலை நாடுகிறது. தான் கேட்பதாக எண்ணுவதை அவர் உண்மையில் படிக்கிறார். புளூஸ் சொல்லடைவு பற்றி மேலே கூறிய வட்டச்சுழற்சியே இங்கும் நிகழ்கிறது.

இரண்டாவது, எழுத்து. தெலுங்கில் சகர எழுத்துக்குரிய ஒலி இருவகைப்படும். இகர எகரங்களின் முன் அது அண்ண ஒலி. அகர உகர ஒகரங்களின் முன் தெலுங்குக்கே உரிய சொற்களில் அது பல்லொலி. வடமொழிச் சொற்களிலோ எவ்வுயிரின் முன்னும் அண்ண ஒலியே நிற்கும். ஆகவே இவ்வேறுபாடு சொல்லின் பிறப்பையும் உணர்த்தவல்லது. தெலுங்கு அச்சில் இதற்கு ஒரு காலத்தில் தனிக்குறி இடப்பட்டது. இன்று பொதுவாக இடுவதில்லை. தமிழ் எழுத்தில் அச்சிடும் பாட்டுப் புத்தகங்கள் வல்லினத்தின் மேல் 2, 3, 4 என்னும் எண்களை இட்டு ஒலிப்புடைமையையும் மூச்சொலியையும் காட்டுகின்றன. சகரத்தின் இந்த இருமையை அவையும் காட்டுவதில்லை. அதனை ஒலிப்பதிவு மட்டுமே காட்ட வல்லது.

தமிழ்ச் சூழலில் வளர்ந்த முதிய பாடகர் ஒருவர் பல்லொலி வரவேண்டிய இடத்தில் அண்ண ஒலியைத் தந்தால் அதனை எவ்வாறு கொள்வது? அது அவருடைய தாய்மொழிப் பழக்கமாக இருக்கலாம். அவருக்குக் கற்பித்தவரின் பாடமாக இருக்கலாம். மேடை வழக்கில் வடமொழி ஒலிப்பு ஏனைய சொற்களிலும் பரவியதாக இருக்கலாம். எல்லைப்பகுதித் தெலுங்கின் இயல்பாகவும் இருக்கலாம். ஒரே பாடகர் ஒரு சொல்லில் ஒருவகையாகவும் மறுசொல்லில் மற்றொரு வகையாகவும் ஒலிப்பாராயின், அவ்வொழுங்கே நமக்குச் சான்று. 'தமிழர் வாயில் சிதைந்த தெலுங்கு' என்ற எண்ணத்தோடு அனைத்தையும் அகராதி வடிவுக்குத் திருத்திவிடுபவர் பிழையை நீக்கவில்லை. இருநூற்றாண்டு கால வாய்வழிப் பரவலின் தடயத்தை அழிக்கிறார். சாரங்கபாணியே இரு மொழிகள் புழங்கும் ஊரில் இருந்து பாடியவர் என்பதை எண்ணும்போது, 'தூய' வடிவம் எது என்ற வினாவே ஆட்டங்காண்கிறது.

மொழிபெயர்ப்பாளர்க்கும் இதில் இழப்பு உண்டு. பதத்தில் பேசும் பெண்ணின் குரல் நெருக்கமானதா, ஏளனமானதா, அயலாரிடம் பேசும் பணிவுடையதா என்பது பல இடங்களில் வினைமுற்றின் பேச்சுவடிவாலும் விளியின் இழுப்பாலும் உணரப்படுகிறது. திருத்திய பாடத்தில் இவை சமன்செய்யப்பட்டுவிடுகின்றன. மொழிபெயர்ப்பும் அதற்கேற்பச் சமனான நடையில் அமைந்துவிடுகிறது. அக்குறைக்கு மொழிபெயர்ப்பாளரைப் பழிப்பது முறையாகாது; அவர் கையில் தரப்பட்ட தாளே அப்படி.

7. முடிவுரை

டச்சு இசையாய்வாளர் ஆர்னால்ட் பாக்கே 1938இல் தமிழகத்திலும் கேரளத்திலும் பதிவுசெய்தவற்றை நாசிர் ஜெயிராஸ்பாயும் ஏமி கேட்லினும் 1984இல் அவ்வூர்களுக்கே எடுத்துச் சென்று மறு ஆய்வு செய்தனர். பதிவு ஆவணக்காப்பகத்திற்கு மட்டும் உரியதன்று; பாடியவரின் ஊருக்கும் வழிவந்தோர்க்கும் உரியது என்பதை அம்முயற்சி உணர்த்தியது. ஐயமுள்ள சொல்லைத் தெளிவதற்கும் அதுவே நேர்வழி. ஹர்ட்டைத் தேடி ஆவலானுக்குச் சென்றதும் இவ்வழியே.

இவற்றிலிருந்து பெறத்தக்க நெறிகள் சில. கேட்டபடியான பாடத்தை முதல் வரியிலும் வழக்குப் பாடத்தை அடுத்த வரியிலும் தருதல் வேண்டும். ஐயமுள்ள சொல்லுக்கு அடையாளமிட்டு, பாடாமல் விட்டதை இடைவெளியாகவே காட்டுதல் வேண்டும். பதிவின் ஆண்டு, இடம், பாடகரின் அகவை ஆகியவை பாடத்தின் தலைப்பிலேயே இடம்பெற வேண்டும். இரு பதிவுகளைக் கலந்து ஒரு பாடம் ஆக்குதல் கூடாது. கழனியில் பாடியவர்க்கும் மேடையில் பாடியவர்க்கும் எழுத்துமுறை ஒன்றாகவே இருத்தல் வேண்டும்.

இந்நெறிகள் வேலையைக் கூட்டும் என்பதில் ஐயமில்லை. ஒரு பக்கத்தில் முடிய வேண்டிய பாடல் மூன்று பக்கம் ஆகலாம். ஆயினும் பாடியவர்கள் மறைந்துவிட்டனர். திரும்பிச் சென்று கேட்பதற்கு அவர்கள் இல்லை. பிருந்தா 1996இலும் முக்தா 2007இலும் காலமாயினர். அவர்கள் ஒலித்த ஒலியைத் திருத்தும் உரிமை நமக்கு இல்லை. அதனைக் கேட்டபடி எழுதிவைக்கும் கடமை உண்டு.